எழுபது முடிந்தவர்களுக்கு மட்டும்

ஜூலை 3, திங்கள்

எழுபது முடிந்தவர்களுக்கு மட்டுமாம். எழுபத்துமூன்று வயதில் முதல்முறையாக என் வயதை ஒருவர் தகுதி என்று சொல்லிக் கேட்கிறேன். பஸ்ஸில் ஏறினால்கூட "பாட்டி, வழியில நிக்காதீங்க" என்பதுதான் இதுவரை கிடைத்த மரியாதை.

டாக்டர் உமையாள் நிதானமாக விளக்கினார். நாலு வருஷத்துக்கு முன்னால் வலது மார்பை எடுத்தபோது தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றிருந்தேன். மே மாதம் இடுப்பு வலி என்று போனால், புற்று எலும்பில் இறங்கியிருக்கிறது என்றார்கள். இப்போது தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். அதனோடு இன்னொரு புது மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் நோயை இன்னும் கொஞ்ச காலம் பிடித்து வைக்க முடியுமா என்று ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"இந்த மாதிரி மருந்தையெல்லாம் அம்பது, அறுபது வயசுக்காரங்களுக்குக் குடுத்துப் பாத்துட்டு, அதையே எழுபதுக்கும் எழுதிக்கிட்டு இருந்தோம். உங்க வயசு உடம்பு எப்படித் தாங்குதுன்னு யாரும் பாக்கலை. இது உங்களுக்குன்னே நடக்கிறது" என்றார்.

ஆனால் நினைத்தவுடன் சேர முடியாது. உடம்பு தேற வேண்டும். தேறினாலும் பாதிப் பேருக்குத்தான் புது மாத்திரை. மீதிப் பேருக்குப் பழையது மட்டும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டருக்கே அதில் கை கிடையாது.

நான் உடனே சரி என்றேன். அவர் ஆட்டோ பிடிக்க எழுந்துவிட்டார். அவர் என்றால் என் வீட்டுக்காரர் தேவசகாயம், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டோவில் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டார்: "அப்ப உன்னை வச்சு சோதிச்சுப் பாக்கப் போறாவளா?"

"ஆமா. பி.டி. டீச்சரா எத்தனை பிள்ளையளை ஓடவிட்டுப் பாத்திருக்கேன். இப்ப என்னை ஓடவிட்டுப் பாக்கட்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் சுக்குக் காபி போட்டார்.

மே மாதத்திலிருந்து சாயங்காலக் காபி அவர் பொறுப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்பைப் பற்றவைக்காத மனுஷன். கருப்பட்டியை முறுக விட்டுவிடுகிறார், கடைசி வாய் கடுக்கென்று கசக்கிறது. நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். இந்த வயதில் கிடைக்கிற அன்பைக் கசக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 5, புதன்

உடற்தகுதித் தேர்வு! விசிலைத்தான் எடுத்துப் போகவில்லை.

ஷபானா என்ற பெண்தான் இந்த ஆராய்ச்சிக்கு ஆட்களைக் கவனிக்கிறவள். என் மாணவி போல இருக்கிறாள், ஆனால் பிடி கொடுக்காதவள். நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். இடுப்பில் ஊசி குத்துகிற மாதிரி வலி. முகத்தில் காட்டவில்லை. போட்டி என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான். பிறகு வராந்தாவில் நடந்து காட்டினேன். என்னோடு வந்திருந்த இன்னொரு அம்மாள் பாதியில் சுவரைப் பிடித்துவிட்டார். பாவம். அவரைத் தாண்டிப் போனதில் எனக்குள்ளே ஒரு சின்ன சந்தோஷம் வந்ததையும் மறைப்பானேன்.

ஞாபகப் பரீட்சையும் உண்டு. மூன்று சொல் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, திரும்பக் கேட்டாள். கத்தரிக்காய், ரயில், குடை. இதோ இப்போதும் இருக்கிறது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுதீங்களா டீச்சர்?"

பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை. வேறொன்றும் இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம்.

ஜூலை 8, சனி

கேஸ் வந்தது. துணி துவைத்தேன். காபி இன்றைக்கும் கசப்பு. "மிஞ்சின கருப்பட்டியைத் தூக்கிப் போடுங்க, பழசாப் போச்சு" என்றேன். "புதுசுதான் வாங்கினேன்" என்றார்.

ஜூலை 11, செவ்வாய்

எல்லாம் தேறியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. இருதயம் நன்று, சிறுநீரகம் நன்று, நடை நன்று. ஈரல் கெட்டிருக்கிறது. ரத்தத்தில் ஈரலைக் காட்டுகிற எண், இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று மடங்கு என்று டாக்டர் உமையாள் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"மே மாசம் பாத்தப்போ சரியா இருந்துது. நடுவுல என்ன சாப்பிட்டீங்க? நாட்டு மருந்து, கஷாயம், லேகியம், யாராவது குடுத்த பொடி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "டாக்டர், முப்பத்திநாலு வருஷம் பள்ளிக்கூடத்துல சுகாதாரம் சொல்லிக் குடுத்தவ நான். யாரோ குடுத்த பொடியை நக்குற ஆள் இல்லை."

"உங்களைச் சொல்லலை. எல்லார்கிட்டயும் கேக்கணும். பாதிப் பேரு அதை மருந்துன்னே நினைக்கிறதில்லை" என்றார். பிறகு அவரையும் பார்த்தார். "சார், உங்களுக்குத் தெரிஞ்சு ஏதாவது?"

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். காது கேட்கிறதா இல்லையா என்றே இப்போதெல்லாம் தெரியவில்லை.

ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கிறது. மாதக் கடைசியில் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். அதற்குள் எண் இறங்கியிருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் இல்லை. ஆகஸ்ட் நடுவில் ஆள் சேர்ப்பதை முடித்துவிடுகிறார்களாம். அதற்கப்புறம் என் ஈரல் பளிங்கு போல ஆனாலும் பிரயோஜனமில்லை.

 வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பின்குறிப்பு: இன்றைக்குத்தான் காபி காபியாக இருந்தது. கசப்பே இல்லை. கைக்குப் பழக்கம் வந்துவிட்டது போலும்.

ஜூலை 15, சனி

என்ன சாப்பிட்டேன் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறேன். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்தினேன். தெருமுனைக் கடை வடையை நிறுத்தினேன். ஊறுகாய் ஜாடியைக் கட்டி மேலே வைத்துவிட்டேன். வலி மாத்திரையால் இருக்குமோ என்று அதையும் பாதியாகக் குறைத்தேன். ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. பரவாயில்லை, ஈரல் பிழைக்கட்டும்.

நான் பத்தியம் இருக்கிறேன் என்றால், அவர் எனக்கு மேலே இருக்கிறார். நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தேன். மீனைக் கண்டால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்காருகிறவர், இரண்டு பருக்கை பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏன் சாப்பிட மாட்டேங்கிய? எனக்கு இன்னும் சாவு வரலை. இப்பவே துக்கம் காக்கியளா?" என்றேன்.

"அந்தப் பேச்சை வாயில எடுக்காத" என்று கத்திவிட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. பயந்த மனுஷனுக்குத்தான் சத்தம் வரும். நான் மேற்கொண்டு வம்புக்குப் போகவில்லை.

ஜூலை 19, புதன்

காலையில் அவருக்கு வாந்தி. பழைய குழம்பு என்கிறார். அந்தக் குழம்பை அவர் தொடவே இல்லை.

ஜூலை 22, சனி

சண்டை.

"அந்த ஆராய்ச்சி வேண்டாம். இருக்கத போதும். நல்லாத்தான இருக்க?" என்று ஆரம்பித்தார்.

"நல்லா இருக்கனா? ராத்திரி நான் புரண்டு படுக்கும்போது நீங்க முழிச்சுக் கெடக்கது எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் ஒரு காலக்கெடு இருக்குட்டி. பொறுத்தா சரியாயிரும்."

"என்னத்துக்குக் காலக்கெடு? யாரு சொன்னா?"

எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். போகும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு போனார். மின்கம்பத்தில் ஏறி இறங்கித் தேய்ந்த கால்.

சண்டை போட்டதற்கு எனக்கு வெட்கமில்லை. எனக்குச் சாக பயமாக இருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் "பரலோகம் போக ஆயத்தமா?" என்று போதகர் ஐயர் கேட்டால் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொல்கிறேன். மனசுக்குள்ளே, இன்னும் கொஞ்சம் பொறுத்து ஆண்டவரே என்று சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். இந்த மனுஷனோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அந்த மாத்திரையால் ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்கும் என்றால் அந்த ஒரு வருஷம் எனக்கு வேண்டும்.

ஜூலை 26, புதன்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் முற்றத்து வெயிலில் அவரை உட்காரவைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி போட்டாலும் அவருக்கு நகம் தெரியாது, எப்போதும் நான்தான் வெட்டுவேன். நிமிர்ந்து பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள். நகமும் மஞ்சள். இத்தனை நாளும் ஒரே வீட்டில் இருந்து, என் ஈரலையே நினைத்துக்கொண்டு, இந்த முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். அங்கே இருந்தவர் இளவயது டாக்டர்.

"ஐயா குடிப்பீங்களா?"

"கோயில்ல குடுக்கிற திருவிருந்து திராட்சரசத்துல உதட்டை நனைக்கிறதோட சரி" என்றேன் நான்.

"நாட்டு மருந்து ஏதாவது?"

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "ஏட்டி, நீ கொஞ்சம் வெளிய இரி."

"நான் எதுக்கு வெளிய போகணும்? என் முன்னாலேயே சொல்லுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மலையடிவாரத்துல ஒரு வைத்தியரு. எங்கூட வேலை பாத்த ஆளுதான் கூட்டிட்டுப் போனான். எலும்புல எறங்கினதையும் நிறுத்திரும்னு சொன்னாரு. ஒரு பொடி. ஒரு மண்டலம், முறியாம சாப்பிடணும். இவ கேட்டா குடிக்க மாட்டா. இவ டீச்சரு. அதான் சாயங்காலக் காபியில கலந்து குடுத்தேன்."

டாக்டருக்கு விளங்கவில்லை. "அவங்க காபியில கலந்தா உங்களுக்கு ஏன் காமாலை வருது?"

"லைன்ல எவனையும் ஏத்துததுக்கு முன்னால கரண்டு இல்லையான்னு நான் தொட்டுப் பாத்துட்டுத்தான் ஏத்துவேன். இதையும் நான் ஒரு வாரம் குடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் செய்யலை. அப்புறந்தான் அவளுக்குக் குடுத்தேன். அன்னைக்கு அந்த டாக்டரம்மா ஈரல் கெட்டிருக்குன்னு சொன்னாவல்லா, அன்னைக்கே அவளுக்கு நிறுத்திட்டேன். ஆனா மண்டலம் முறியக் கூடாதுல்லா. முறிஞ்சா நோய் எகிறிரும்னு வைத்தியரு சொல்லிவிட்டாரு. அதான் அவ பங்கை நான் குடிச்சேன்."

"அவங்க நோய்க்கு நீங்க குடிச்சீங்களா?"

"இவளுக்காக நான் உபவாசம் இருந்தா ஆண்டவர் கேக்க மாட்டாரா? அந்த மாதிரிதான்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அழுகையா சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. அவரை உள்ளே சேர்த்துவிட்டார்கள். மகள் ஹெப்சிக்கு ஓசூருக்குப் போன் போட்டேன். கிளம்பிவிட்டாள்.

ஜூலை 27, வியாழன்

அவருடைய ஈரல் எண்ணோடு பார்த்தால் என்னுடையது ஒன்றுமே இல்லை. ஈரல் ஓய்ந்துவிடாமல் இருந்தால் போதும், இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். குளுக்கோஸ் ஏறுகிறது. தூங்கிக்கொண்டே இருக்கிறார்.

குளிக்க வீட்டுக்கு வந்தபோது தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் பிஸ்கட் டின்னில் இருந்தது. சாம்பல் நிறப் பொடி. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன். என் காபியின் கடைசி வாய்! கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். வாளி வாளியாக ஊற்றினேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறமும் கோபம்தான். டாக்டர் நேருக்கு நேராகக் கேட்டபோது காலண்டரைப் பார்த்தாரே! நான் வடையையும் ஊறுகாயையும் குற்றம் சொல்லிக்கொண்டு, வலி மாத்திரையைக் குறைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் பல்லைக் கடித்தேனே, அப்போதாவது சொன்னாரா? பக்கத்தில் விழித்துக் கிடந்தார், அவ்வளவுதான். எழுந்ததும் நாலு கேள்வி கேட்கவேண்டும். முதலில் எழுந்திருக்கட்டும்.

ஜூலை 29, சனி

அவர் கண் திறந்து "காபி குடிச்சியாட்டி?" என்றார். நாலு கேள்வியும் எங்கோ போய்விட்டன. அபாயம் தாண்டியது என்றார் டாக்டர். ஸ்தோத்திரம்.

சாயங்காலம் ஹெப்சி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். திங்கட்கிழமை என் மறு பரிசோதனை.

"அம்மா, அப்பா குடுத்த பொடியைப் பத்தி அங்க வாயைத் திறக்காதீங்க. ஈரல் இறங்கியிருந்தா பேசாம சேத்துக்கிடுவாங்க. சொன்னா, விதிமுறை அது இதுன்னு எடுத்துருவாங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பா வேற வார்டுல இருக்காங்க."

நியாயமான பேச்சுதான். என் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறாள் பிள்ளை. நானே இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களில் நீளம் தாண்டுதலுக்கு எப்போதும் நான்தான் நடுவர். பலகைப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பெருவிரல் கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பேன். ஒரு வருஷம் தலைமையாசிரியர் மகள். எல்லோரையும் மிஞ்சித் தாண்டிவிட்டாள், விரல் மட்டும் கோட்டுக்கு அந்தப்பக்கம். தாண்டல் செல்லாது என்று சிவப்புக் கொடியைத் தூக்கினேன். "ஒரு நூல்தானே டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். "ஒரு நூலை விட்டா, கோடு எதுக்கு சார்?" என்றேன். அவள் அடுத்த தாண்டலில் ஒழுங்காக ஜெயித்தாள் என்பது வேறு விஷயம்.

ஹெப்சி அந்தக் கதையை ஆயிரம் தடவை கேட்டவள். என் முகத்தைப் பார்த்ததுமே, "ஐயோ அம்மா, இது உங்க ஸ்போர்ட்ஸ் டே இல்லை" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூலை 31, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஷபானா ரத்தம் எடுத்து முடிக்கும்வரை என் வாய் வரவில்லை. குழாயில் பெயர் ஒட்டினாள். "சரி டீச்சர், போயிட்டு வாங்க" என்றாள். எழுந்து கதவுவரை போனேன். கதவுக்கு அந்தப்பக்கம் ஹெப்சி நிற்கிறாள். கத்தரிக்காய், ரயில், குடை என்று ஏனோ மனசுக்குள் ஓடியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

இந்த ஈரல் ஏன் கெட்டது என்று மறைத்து வைத்தால், நாளைக்கு அது மறுபடி கெட்டால் பழி புது மாத்திரை தலையில் விழும். கிழவிகளுக்கு இது ஒத்துவராது என்று எழுதி மூடிவிடுவார்கள். எங்கள் வயதுக்காரிகளை ஒரு தடவைதான் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அங்கே அழகாகச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "எங்க வீட்டுக்காரர் காபியில பொடி போட்டுட்டாரு" என்பதுதான்.

ஷபானா முகம் மாறியது. டாக்டர் உமையாளைக் கூப்பிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த மாதிரி எதுவும் சாப்பிட்டிருந்தா, நிறுத்தி ரெண்டு வாரமாவது தாண்டியிருக்கணும். அதுதான் விதி. கடைசியா என்னைக்குக் குடிச்சீங்க?"

"நீங்க ஈரல் கெட்டிருக்குன்னு சொன்னதுக்கு முந்தின நாள் சாயங்காலம்."

"அவ்வளவு நிச்சயமா எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியாமத்தானே போட்டாங்க?"

"அடுத்த நாள் காபி கசக்கலை டாக்டர்."

டாக்டர் என்னை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, தானே மாடி ஏறி வார்டுக்குப் போய் என் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வந்தார். அவரும் அதே நாளைத்தான் சொல்லியிருக்கிறார். "அழுதுட்டாரு" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

விதிப்படி நாள் கணக்கு சரி. இனி ரத்தம் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு எடுக்கிறேன். ஒரு தடவை கேஸ்காரன், ஒரு தடவை சபையிலிருந்து.

ஆகஸ்ட் 2, புதன்

இறங்கிவிட்டது! விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடம்தான். ஆனால் கோட்டுக்கு இந்தப்பக்கம்.

தேறிவிட்டேன். அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், ஓட்டம் என்று சொல்ல முடியாது, என் வேகத்துக்கு அது ஓட்டம். என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். "நான் கெடுக்கப் பாத்தேனட்டி" என்றார். "கெட்டிக்கார ஈரல், தப்பிச்சுட்டு" என்றேன்.

"அந்தப் புது மாத்திரை கிடைச்சுட்டா எனக்கு வேற கவலை இல்லை. கிடைக்கலைன்னா..." என்று நிறுத்தினார். "அந்த வைத்தியர்கிட்ட வேற ஒண்ணும் இருக்குன்னு சொன்னாரு. இது ஒத்துக்கிடலைன்னா அது."

மஞ்சள் இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. குளுக்கோஸ் ஊசி கையில் இருக்கிறது. இந்த மனுஷன் இன்னொரு பொடியை யோசிக்கிறார். தான் முதலில் குடித்துப் பார்க்காமல் எனக்குக் கொடுக்க மாட்டார், அதுவும் நிச்சயம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. ஷபானா ஒரு பொத்தானைத் தட்டினாள். கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பழைய மாத்திரை மட்டும்.

ஹெப்சி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் உமையாள் என்னென்னவோ ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அடிக்கடி ஸ்கேன் பார்ப்பார்களாம், கவனிப்பில் குறை இருக்காதாம், இந்தப் பக்கமும் ஆள் இருந்தால்தான் அந்தப் பக்கம் ஜெயித்ததா என்று தெரியுமாம். அது எனக்குப் புரிகிறது. தனியாக ஓடினால் அது பந்தயம் இல்லை, யாராவது பக்கத்துக் கோட்டில் ஓடித்தான் ஆக வேண்டும். புரிவது வேறு, மனசு ஒத்துக்கொள்வது வேறு. எனக்கு அந்த மாத்திரை வேண்டியிருந்தது. எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. யார்மேலும் கோபப்பட முடியாத ஏமாற்றம். நன்றாக அழுதேன், குழாயைத் திறக்காமலேயே.

முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன். ஹெப்சியிடம் வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "நீ ஒண்ணும் பேசாத. நான் சொல்லுததுக்குத் தலையை மட்டும் ஆட்டு."

அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முடி சீவி, மூட்டை கட்டி, நாளைக்கு வீட்டுக்குப் போகத் தயாராக. என் முகத்தைப் பார்த்தார். கேட்கவே பயந்து பார்த்தார்.

"புதுசுதான் விழுந்திருக்கு" என்றேன்.

ஹெப்சி தலையை ஆட்டினாள். எந்தக் கொடியும் மேலே போகவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்தோம். அவர் கண் வெள்ளையாகிக்கொண்டு வருகிறது. நெத்திலிக் குழம்பு இரண்டு தரம் ஊற்றிக்கொண்டார்.

ஹெப்சி ஊருக்குக் கிளம்பினாள். ஆட்டோ ஏறும்போது என் காதில் கேட்டாள்: "எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

"ஒரு மண்டலம்னு வச்சுக்கோ. அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

சாயங்காலம் அவர் சுக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். அடுப்படியில் இருந்தபடியே, "ஏட்டி, நீ வந்து நின்னு பாத்துக்கோ, நான் என்ன போடுதேன்னு" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. காபி நல்ல தித்திப்பு. மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன். மே மாதத்திலிருந்து போடுகிற அதே மாத்திரை, அட்டையில் இருக்கிற எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது. அவர் எப்போதும் போலப் பக்கத்திலேயே நின்றார்.

"புது மாத்திரை எப்படிட்டி இருக்கு?"

"கசக்குது" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கசந்தா கேக்கும்" என்று சொல்லி, டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.